ஜப்பானில் தங்கி மை ஓவியம் கற்பது: மைக்கோல், தாள், விசா, வாடகை அறை

மைச்சொட்டு
வணக்கம் மக்களே. ஜப்பானில் ஓராண்டாவது தங்கி ‘சுய்போகு’ என்கிற கறுப்பு மை ஓவியம் கற்க என்னென்ன வேண்டும் என்று ஒரே இடத்தில் சேர்த்து வைக்கலாமே என்றுதான் இந்த இழை. தேடினால் கிடைப்பதெல்லாம் ஜென், வெறுமை, ஒரே வீச்சு என்று மேகத்தில் மிதக்கிறது. கேட்க விரும்புவது தரையில் உள்ள விஷயம். புட்டி மை போதுமா, கட்டியாக இறுகிய மைக்கோலைக் கல்லில் தண்ணீர் விட்டு இழைத்தே ஆகணுமா? எந்தத் தாள்? ஒரே தூரிகை, ஒரே மை, ஆனால் ஒருநாள் கோடு கூர்மையாக வருகிறது, மறுநாள் ஊறிப்போகிறது, ஏன்? எந்த விசா? படத்தை விற்கலாமா? தெரிந்தவர்கள் தெரிந்த பகுதியை மட்டும் எழுதினாலே போதும்.

கரும்புகை
மையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சுமி என்பது இரண்டே பொருள்: புகைக்கரி, நிகாவா. நிகாவா என்றால் மாட்டுத்தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பசை. நம் தச்சர்கள் ஒரு காலத்தில் பயன்படுத்திய வச்சிரம்தான். அந்த வாடையை மறைக்கக் கொஞ்சம் வாசனைப் பொருள். ஜப்பானிய மைக்கோலில் கரி 10 பங்குக்குப் பசை 6 பங்கு என்பது பொதுவான விகிதம்.

கரி இரண்டு வகை. கடுகு இனத்து எண்ணெயை மண் அகலில் எரித்து, மேலே கவிழ்த்த மூடியில் படிவதைச் சுரண்டி எடுப்பது யூஎன்போகு. நம் வீட்டில் விளக்குக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மை பிடிப்போமே, அதே வித்தை. துகள் நுண்மையாக, ஒரே அளவாக இருக்கும். நிறம் பழுப்புச் சாயலோடு ஆழ்ந்த கறுப்பு. பைன் மரத்தை எரித்து எடுப்பது ஷோஎன்போகு. இதில் துகள் அளவு ஏறுக்குமாறாக இருக்கும். நீர்த்தால் நீலம் கலந்த சாம்பல் நிறம் வரும். மலை, மூடுபனி, தூரத்து மரம் வரைபவர்கள் இதைத் தேடுவது அந்த நீலத்துக்காகத்தான். ‘நீல மை’ என்று விற்கும் எல்லாமே பைன் கரி அல்ல. சாயம் கலந்து நீலமாக்கியதும் உண்டு. வெளிச்சத்தில் அது வெளுக்கலாம். வாங்கும்போது கேட்டுவிடுங்கள்.

ஜப்பானின் மைக்கோலில் பெரும்பகுதி நாராவில்தான் தயாராகிறது. 1577-இல் தொடங்கிய கோபாயென் இன்றும் அங்கே இயங்குகிறது. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை குளிர் மாதங்களில் மட்டும்தான் மை பிசைவார்கள். வெயில் காலத்தில் பசை கெட்டுப்போகும். அச்சிலிருந்து எடுத்த கோலை நேரே காற்றில் காயவிட்டால் வெடிக்கும். அதனால் மரச்சாம்பலில் புதைத்து, நாளுக்கு நாள் ஈரம் குறைந்த சாம்பலுக்கு மாற்றி, பிறகு வைக்கோல் கயிற்றில் கோத்து மாதக்கணக்கில் தொங்கவிடுவார்கள். கடையில் ‘1 சோ’ என்று போட்டிருந்தால் 15 கிராம். தொடங்குபவருக்கு 1 சோ எண்ணெய்க்கரிக் கோல் ஒன்று பல மாதம் வரும்.

தூரிகைதாசன்
கரும்புகை அண்ணா, இழைக்கும் முறையையும் சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் அம்மிக்கல்லில் மிளகாய் அரைப்பதுபோல அழுத்துகிறார்கள்.

கரும்புகை
சந்தனம் இழைக்கும் கைதான் வேண்டும், மிளகாய் அரைக்கும் கை இல்லை.

மைக்கல்லுக்கு சுசுரி என்று பெயர். மேட்டுப் பகுதியை ‘ஓகா’ என்பார்கள், குன்று. பள்ளத்தை ‘உமி’, கடல். குன்றில் ஒரு மில்லி, ஒன்றரை மில்லி தண்ணீர் மட்டும் விடுங்கள். கோலைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, அதன் எடையே அழுத்தமாக, வட்டமாக இழைக்கணும். தண்ணீர் குழம்பாகிக் கோல் போன தடம் ஒரு நொடி நின்று மறைந்தால் அடர்த்தி வந்துவிட்டது. அதைக் கடலுக்குத் தள்ளிவிட்டு அடுத்த சொட்டு. ஒரு அமர்வுக்குத் தேவையான மைக்கு 10 முதல் 15 நிமிடம். அவசரப்பட்டு அழுத்தினால் கரி கட்டியாகப் பெயர்ந்து வரும். அடர்ந்த கோட்டில் தெரியாது. வெளிர் நிறத்தில் மணல் தூவியதுபோல் காட்டிக் கொடுத்துவிடும்.

கல்லின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்பற்கள் உண்டு, ‘ஹோபோ’ என்பார்கள். இழைப்பது அவைதான். பற்கள் மழுங்கினால் கோல் வழுக்கும், அரை மணி நேரம் ஆனாலும் மை ஏறாது. இதற்கென்று விற்கும் சிறிய தீட்டுக்கல்லைத் தண்ணீரோடு லேசாகத் தேய்த்தால் பல் திரும்ப முளைக்கும். குழந்தைகளுக்கான பிளாஸ்டிக் சுசுரி புட்டி மையை ஊற்றி வைக்க மட்டும்தான். சீனத்துத் தாங்கெய் கல்லுக்கு விலை எங்கேயோ இருக்கும். மியாகியின் ஒகாட்சு, யாமாநாஷியின் அமெஹாதா, யாமாகுச்சியின் அகாமா எல்லாமே நல்ல ஜப்பானியக் கற்கள்.

இழைத்து முடித்ததும் கோலின் ஈர நுனியைத் தாளில் ஒற்றித் துடைத்து நிழலில் வையுங்கள். கல்லிலேயே நிறுத்தி வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பிடுங்கும்போது கல்லின் பரப்பே சில்லாகப் பெயரும்.

குளிரில் இன்னொரு தொல்லை. நிகாவா கிட்டத்தட்ட 20 டிகிரிக்குக் கீழே கூழாகத் தொடங்கும். சூடேற்றாத அறையில் ஜனவரியில் இழைத்தால் மை இழுபடும், தூரிகையிலிருந்து இறங்காது. கல்லையே வெதுவெதுப்பான நீரில் சற்று வைத்துத் துடைத்துவிட்டு இழைத்தால் சரியாகும்.

மைச்சொட்டு
அப்போ புட்டி மை?

பசைக்கிண்ணம்
இதற்குப் பதில் படத்தின் முன்பக்கத்தில் இல்லை, பின்பக்கத்தில் இருக்கிறது. மெல்லிய தாளில் வரைந்த எந்தப் படத்துக்கும் ‘உராஉச்சி’ என்று பின்னால் இன்னொரு தாள் ஒட்டியாகணும். அந்த வேலையில் படம் முழுக்க நனையும். இழைத்த மை ஒரு வாரம் காய்ந்துவிட்டால் அசையாது. பள்ளிப் பிள்ளைகளுக்கான, கையிலும் துணியிலும் கழுவினால் போகும் வகை மை இருக்கிறதே, அது தாளிலிருந்தும் கழுவினால் போகும்! பசைத்தாளை வைத்ததும் கறுப்பு கசிந்து வெள்ளைப் பரப்பெல்லாம் சாம்பலாகும். அதன்பிறகு ஒன்றும் செய்ய முடியாது. புட்டி மையிலேயே, காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது, படம் ஒட்ட ஏற்றது என்று குறிப்போடு வருவதும் உண்டு. பயிற்சிக்கும் பெரிய பரப்புக்கும் அது போதும்.

சோதனை எளிது. அதே தாளின் ஓரத் துண்டில் அடர்த்தியாக ஒரு பொட்டு. ஒரு வாரம் காயட்டும். தண்ணீர் தெளித்து, வெள்ளைத் துடைதாளை வைத்து அழுத்துங்கள். துடைதாளில் கறை வந்தால் படமும் கசியும்.

செயற்கைப் பிசின் கலந்த புட்டி மையை இழைத்த மையோடு கலக்காதீர்கள். கரி திரிந்து தயிர்போல ஆகும். பிசின் மையில் தோய்த்த தூரிகையை உடனே கழுவாவிட்டால் வேரில் கல்லாக இறுகிவிடும், பிறகு எந்தத் தண்ணீருக்கும் மசியாது.

தூரிகைதாசன்
முந்தின நாள் மையையும் சேர்த்துச் சொல்லணும். இரவு கடந்த மைக்கு ‘ஷுகுபோகு’ என்று பெயர். பசை சிதைந்து கரி திரண்டிருக்கும். தாளில் கருவும் ஒளிவட்டமுமாகப் பிரிந்து வரும். தெரிந்தே அதைப் பயன்படுத்தும் ஓவியர்கள் உண்டு. தெரியாமல் பயன்படுத்திவிட்டு ‘கை சரியில்லை’ என்று புலம்புபவர்கள்தான் அதிகம். மைச்சொட்டு கேட்ட “ஒருநாள் கூர்மை, மறுநாள் ஊறல்” கேள்விக்குப் பாதி விடை இதுதான். உராஉச்சியில் முதலில் கசிவதும் இதே மைதான்.

பசைக்கிண்ணம்
மீதிப் பாதி தாளில். பசை ஏற்றிய தாள் ஈரக்காற்றில் வருஷக்கணக்கில் கிடந்தால் அங்கங்கே அந்தப் பூச்சு செத்துப்போகும். மேலே பார்த்தால் தெரியாது. மை பட்டதும் புள்ளி புள்ளியாக ஊறும். ஜப்பானியர் இதற்குச் சொல்வது “தாளுக்குச் சளி பிடித்துவிட்டது”. சளி பிடித்த தாளுக்கு வைத்தியம் மறுபடி தோசா பூசுவதுதான்.

மைச்சொட்டு
தோசாவா! மாவு எவ்வளவு?

பசைக்கிண்ணம்
சிரியுங்கள், பெயர் அதுதான். ஒரு லிட்டர் தண்ணீர், 15 முதல் 20 கிராம் நிகாவா, சுமார் 5 கிராம் படிகாரம். நிகாவாவை இரவே குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மறுநாள் பாத்திரத்தை வெந்நீரில் இறக்கி 60, 70 டிகிரிக்குள் கரைக்கணும். கொதித்தால் ஒட்டும் சக்தி போய்விடும். சற்று ஆறியபின் தனியாகக் கரைத்த படிகாரத்தை ஊற்றி, துணியில் வடிகட்டி, அகலத் தூரிகையான ஹாகேயால் ஒரே திசையில் ஒரு பூச்சு. முழுக்கக் காய்ந்தபின் இரண்டாவது பூச்சு. மழைநாளில் பூசாதீர்கள், மெதுவாகக் காயும் தோசா பட்டை பட்டையாக நிற்கும். படிகாரம் கூடினால் காய்ந்ததும் மினுமினுக்கும்; அமிலம் ஏறி நாளடைவில் தாள் பழுத்து நொறுங்கும். குறைந்தால் பசை இறுகாது. பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்: முத்தாக நின்றால் சரி, ஊறினால் இன்னொரு பூச்சு.

ஆனால் சுய்போகு கற்பவர் பெரும்பாலும் தோசா இல்லாத தாளில்தான் வரைவார். அந்த ஊறல், ‘நிஜிமி’, அதுதானே வேண்டும்.

தூரிகைதாசன்
தாள் வாங்கும்போது பார்க்க வேண்டியது. ‘காசென்ஷி’ என்பது பொதுப்பெயர். சீனத்து ஷுவான் தாள் ஆன்ஹுய் மாநிலத்தில் சிங்தான் மரப்பட்டையும் நெல் வைக்கோலும் சேர்த்துச் செய்வது. நிஜிமி விளிம்பு மெல்லியது, ஈரத்தில் சுலபமாகக் கிழியும். ஜப்பானில் தொத்தோரி, யாமாநாஷிப் பக்கம் செய்யும் காசென்ஷியும் கிடைக்கிறது. ‘கோசோ’ பட்டைநார் அதிகமுள்ள தாள் முரடு. தண்ணீரை எவ்வளவு விட்டாலும் தாங்கும், ஆனால் நிஜிமி நார் போன போக்கில் போகும்.

முழுத்தாள் ஏறக்குறைய 70க்கு 136 சென்டிமீட்டர். நெடுக்காகப் பாதி வெட்டியது ‘ஹான்செட்சு’, 35க்கு 136. தொங்கு சுருளுக்கு இதுதான் வழக்கம். ‘ஷிகிஷி’ என்பது 24.2க்கு 27.2 அளவில் பொன் ஓரம் போட்ட அட்டை. ஒட்டும் வேலை இல்லை என்பதால் பரிசுக்கும் விற்பனைக்கும் வசதி. ஆனால் ஈரத்தில் வில்லாக வளையும், நிஜிமியும் காசென்ஷியைப் போல வராது. அட்டையில் பழகிய கை தாளில் தடுமாறும்.

பயிற்சிக்கு மலிவுத் தாள், கண்காட்சிக்கு நல்ல தாள் என்று பிரித்து வைப்பது நடைமுறையில் பெரிய தப்பு. தாள் மாறினால் நீரின் அளவு மாறும், வேகம் மாறும், எல்லாம் மாறும். ஒரே தாளை நடுத்தர விலையில் கட்டாக வாங்கி அதிலேயே எல்லாம் செய்யுங்கள். ஊடே மூன்று தாள், நான்கு தாள் என்று மாற்றிக்கொண்டிருந்தால் ஆறு மாதம் ஆனாலும் எது கையின் பிழை, எது தாளின் குணம் என்று பிரித்துப் பார்க்க முடியாது.

கரும்புகை
இதில் எனக்கு உடன்பாடில்லை. மாணவர் நூறு தாளை வீணடித்துத்தான் ஒரு மூங்கில் வரும். நடுத்தர விலைத் தாள் என்றால் பயந்து பயந்து கோடு போடுவார். முதல் மூன்று மாதம் மலிவு, பிறகு ஒரே தாள்.

தூரிகைதாசன்
பயம் விலையால் வருவதில்லை, அண்ணா. மலிவுத் தாளில் மரக்கூழ் அதிகம், மை உள்ளே போகாமல் மேலேயே கிடக்கும். அடர், நடு, வெளிர் என்ற மூன்று நிறமும் ஒன்றாகிவிடும். அதில் மூன்று மாதம் பழகியது மறக்க இன்னும் மூன்று மாதம். சரி, இதை இங்கேயே விட்டுவிடுவோம், தீராது.

அடிப்படைப் பயிற்சிக்கு வருகிறேன். ‘சான்போகு’, மூன்று மை முறை. வெள்ளைப் பீங்கான் தட்டு இரண்டு. ஒன்றில் ஒரு தேக்கரண்டித் தண்ணீருக்கு அடர்மை இரண்டு மூன்று சொட்டு: இது வெளிர். இன்னொன்றில் அதைவிட அடர்ந்த நடுநிறம். அடர்மை கல்லிலேயே இருக்கட்டும். தூரிகையைத் தண்ணீரில் நனைத்து, தட்டின் விளிம்பில் இழுத்துப் பிழியுங்கள். ஈரம் இருக்கணும், சொட்டக் கூடாது. வெளிர் மையை வேர்வரை ஏற்றுங்கள். நடுநிறத்தைப் பாதிவரை. அடர்மையை நுனியில் மட்டும். தட்டில் இரண்டு மூன்று முறை படுக்கவைத்துத் தட்டினால் மூன்றும் ஒன்றோடொன்று இழையும். இப்போது தூரிகையைக் கிட்டத்தட்ட படுக்கவைத்து பக்கவாட்டில் இழுத்தால் ஒரே வீச்சில் ஒரு விளிம்பு கறுப்பு, மறுவிளிம்பு சாம்பல்: உருண்ட தண்டு தெரியும்.

பட்டை பட்டையாகக் கோடு பிரிந்தால் தட்டில் இழைத்தது போதவில்லை. முழுக்க ஒரே சாம்பலாக வந்தால் அதிகம் இழைத்துவிட்டீர்கள். கோட்டின் தொடக்கத்தில் குளம் கட்டினால் வேரில் தண்ணீர் அதிகம். துடைதாளை வேரில் மட்டும் ஒற்றி எடுங்கள், நுனியைத் தொடாதீர்கள்.

மூங்கில் தண்டு கீழிருந்து மேலே. ஒவ்வொரு கணுவிலும் நிறுத்தி, சற்றே அழுத்தி எடுத்து, ஒரு நூலிழை வெள்ளை விட்டு அடுத்த கணு. அடியில் கணுக்கள் குட்டை, நடுவில் நீளம், உச்சியில் மறுபடி குட்டை. இலை வேறு கணக்கு: தூரிகை செங்குத்தாக நின்று, அழுத்தி, ஓடவிட்டு, காற்றில் தூக்கி முடியணும். தாளிலேயே நின்று முடிந்தால் நுனி மொட்டையாகும்.

எண்ணெய் ஓவியம், நீர்வண்ணம் தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயம் தலைகீழ். தோசா இல்லாத தாளில் முதலில் போட்ட கோடுதான் முன்னால் நிற்கும். முதல் கோட்டின் பசை அந்த இடத்து நாரை அடைத்துவிடுவதால் பின்னால் வரும் மை அதன்மேல் ஏறாமல் பின்னே போய்விடும். அதனால் முன்னிலை இலையை முதலில் வரையணும், பின்னால் உள்ளதை வெளிர் மையில் அப்புறம். பின்னணியை முதலில் நீர்த்த மையால் நிரப்பிவிட்டு முன்னே வரையலாம் என்று உட்கார்ந்தால் படம் பிசகும். இன்னொன்று, ஈரத்தில் தெரியும் கறுப்பு காய்ந்ததும் வெளிறும். ஈரத்தில் ‘கொஞ்சம் அதிகமோ’ என்று தோன்றும் அடர்த்திதான் காய்ந்தபின் சரியாக இருக்கும்.

பழஞ்சுவடி
தூரிகை பற்றி யாரும் எழுதவில்லையே என்று நுழைகிறேன். ஜப்பானியத் தூரிகைகளில் பெரும்பங்கு ஹிரோஷிமா மாவட்டத்துக் குமானோவில் செய்யப்படுகிறது; நாரா, தொயோஹாஷி தூரிகைகளுக்கும் பெயர் உண்டு. ஆட்டுமயிர் நீரை நிறையப் பிடிக்கும், தொய்யும், மரநாய் இனத்து ‘இத்தாச்சி’ மயிர் துள்ளும், நீர் பிடிக்காது, குதிரைமயிர் விறைப்பு. தொடங்குபவருக்கு இவை கலந்த ‘ட்சுகேதாதே’ ஒன்று நடுத்தர அளவில், மெல்லிய கோட்டுக்கு ‘மென்சோ’ ஒன்று, நீர்த்த மை பூசும் அகலப் பரப்புக்கு ஹாகே ஒன்று. மூன்று போதும்.

புதுத் தூரிகை கடற்பாசிப் பசையால் கூராக இறுக்கப்பட்டிருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு விரலால் மெல்லப் பிரியுங்கள். கூடவரும் பிளாஸ்டிக் மூடி கடைக்கான காப்பு. அதைத் திரும்பப் போட்டால் உள்ளே ஈரம் தங்கி வேர் அழுகும். கழுவும்போது நுனி வெள்ளையானதும் நிறுத்திவிடாதீர்கள், வேரில்தான் மை தங்கும். தங்கிய மை இறுகினால் மயிர் இரண்டாகப் பிளந்து நிற்கும். கொதிநீரும் சோப்பும் மயிரின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். நுனி கீழே பார்க்கத் தொங்கவிட்டுக் காயவிடுங்கள்.

அப்புறம், வெளிநாட்டவர் கற்ற கதை பற்றியும் ஒரு குறிப்பு, விசா கேள்விக்கு அது பொருந்தும். ஜோசையா காண்டர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் 1877-இல் தோக்கியோ வந்தார். ரோக்குமெய்கான் மாளிகையைக் கட்டியவர். தோக்கியோ ரயில் நிலையத்தை வடிவமைத்த தாட்சுனோ கிங்கோ அவர் மாணவர். 1881-இல் காண்டர் ஓவியர் காவானாபே கியோசாயிடம் சீடராகச் சேர்ந்தார். ஆசிரியர் அவருக்குக் கொடுத்த ஓவியப் பெயர் ‘கியோஎய்’: முதல் எழுத்து கியோசாயின் பெயரிலிருந்து, இரண்டாவது இங்கிலாந்தைக் குறிக்கும் எழுத்து. 1889-இல் கியோசாய் இறக்கும்வரை உறவு நீடித்தது. 1911-இல் காண்டர் ஆசிரியரைப் பற்றி வெளியிட்ட நூலில் மை, பட்டு, பூச்சு வேலைகளையெல்லாம் படிப்படியாகக் குறித்திருக்கிறார். கியோசாயும் தம் பட நாட்குறிப்பில் காண்டரை வரைந்து வைத்திருக்கிறார்.

கவனிக்க வேண்டியது, காண்டருக்குச் சம்பளம் அரசுப் பணியிலிருந்து வந்தது. படம் விற்றுப் பிழைக்க வேண்டியிருக்கவில்லை.

கியோத்தோவாசி
பழஞ்சுவடி ஐயா எடுத்துக் கொடுத்த இடத்திலிருந்தே தொடர்கிறேன். இன்றைய தங்கல் தகுதியிலும் அதே கோடுதான் கிழிக்கப்பட்டிருக்கிறது: கலையால் சம்பாதிப்பவர் ஒரு பக்கம், கலையைக் கற்பவர் இன்னொரு பக்கம்.

‘கெய்ஜுட்சு’, அதாவது கலைஞர் தகுதி, ஓவிய வருமானத்திலேயே வாழ்பவருக்கு. கண்காட்சி வரலாறு, ஒப்பந்தம், எதிர்பார்க்கும் வருமானம் எல்லாம் காட்டணும். காலம் 5 ஆண்டு, 3 ஆண்டு, 1 ஆண்டு, 3 மாதம் என்று தருவார்கள். கற்கப் போகிறவருக்கு உரியது ‘புன்கா கட்சுதோ’, பண்பாட்டுச் செயல்பாடு. 3 ஆண்டு, 1 ஆண்டு, 6 மாதம், 3 மாதம். இதில் வருமானம் கூடாது. பகுதிநேர வேலைக்கோ படம் விற்பதற்கோ குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி கேட்டு வாங்கணும். அனுமதி இல்லாமல் கண்காட்சியில் ஒரு ஷிகிஷி விற்றாலும் மீறல்தான். ‘சின்னத் தொகைதானே’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

விண்ணப்பத்தின் உயிர்நாடி ஆசிரியர். அவருடைய தகுதிச் சான்றுகள், கண்காட்சிப் பட்டியல், ‘இவருக்கு இன்ன திட்டப்படி கற்பிக்கிறேன்’ என்ற கடிதம், மாதவாரியான கற்கைத் திட்டம், செலவுக்கான வங்கி இருப்பு. வாரம் ஒருமுறை நடக்கும் பொழுதுபோக்கு வகுப்பை மட்டும் காட்டினால் வலு போதாது. ஆசிரியரோ இன்னொருவரோ ஜப்பானிலிருந்து உங்களுக்கான தங்கல் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, அது கைக்கு வந்தபின் இந்தியாவிலுள்ள ஜப்பானியத் தூதரகத்தில் விசா. சான்றிதழுக்கு ஆயுள் 3 மாதம். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது விதிவிலக்கு, வழி அல்ல.

போனதும் செய்ய வேண்டியவை: வீடு அமைந்த 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரிப் பதிவு. 3 மாதத்துக்கு மேல் தங்கினால் தேசிய மருத்துவக் காப்பீடு கட்டாயம். முந்தைய ஆண்டு ஜப்பானில் வருமானம் இல்லாததால் முதலாண்டுக் கட்டணம் குறைவு. அடுத்த ஆண்டும் குறைய வேண்டுமானால் வருமானம் பூஜ்யம் என்றாலும் அதைத் தாக்கல் செய்யணும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். 20 முதல் 59 வயதுவரை ஓய்வூதியத் திட்டத்திலும் சேரணும். கட்ட இயலாதவர் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கேட்காமல் சும்மா இருந்தால் அது பாக்கி.

வாடகை அறை. தாத்தாமி பாய் போட்ட அறை தரையில் உட்கார்ந்து வரைய அருமை, ஆனால் மை சொட்டினால் பாய்க்குள் இறங்கிவிடும். காலி செய்யும்போது அதை மாற்றும் செலவு முன்பணத்தில் கழியும். வரையும் தாளுக்கு அடியில் போடும் கம்பளிக்குக் கீழே நெகிழித் தாள் விரிப்பது பத்து நிமிட வேலை.

மைச்சொட்டு
ஆசிரியருக்கு எப்படிப் பணம் கொடுப்பது, பெயர் கொடுப்பது, முத்திரை இதெல்லாம்?

கியோத்தோவாசி
மாதக் கட்டணம் ‘கெஷ்ஷா’. கசங்காத நோட்டாக உறையில் வைத்து, மாதத்தின் முதல் வகுப்பில் இரு கையால். ஜூலையிலும் டிசம்பரிலும் பரிசு கொடுக்கும் வழக்கம் சில வகுப்புகளில் இருக்கிறது, சிலவற்றில் வேண்டாம் என்றே சொல்லிவிடுவார்கள்; மூத்த மாணவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியர் ‘ஒதெஹோன்’ என்று மாதிரிப் படம் வரைந்து தருவார். அதைப் பார்த்துத் திரும்பத் திரும்ப வரைவதுதான் பாடம். அதில் ‘உங்கள் பாணியை’ச் சேர்க்கும் அவசரம் வேண்டாம். மாதிரியின் நகலைச் சொந்தப் படம் என்று கையெழுத்திட்டுப் பொதுவில் போடுவது நம்பிக்கையைக் கெடுக்கும்.

ஓவியப் பெயரை ஆசிரியர் தருவார். தானாக வைத்துக்கொண்டு போவது அங்கே எடுபடாது. முத்திரை பொதுவாக இரண்டு: இயற்பெயர் வெள்ளை எழுத்தில், ஓவியப் பெயர் சிவப்பு எழுத்தில். சிவப்புப் பசை எண்ணெய் கலந்தது. குளிரில் இறுகும், அவ்வப்போது எலும்புக் குச்சியால் கிளறி உருட்டணும். முத்திரைக்கு அடியில் கம்பளி வைத்தால் அமுங்கி எழுத்து சிதறும். பழைய நோட்டுப் புத்தகம் போன்ற சற்றே கெட்டியான அடித்தளம் சரி.

பசைக்கிண்ணம்
உராஉச்சி முறையை எழுதிவிடுகிறேன், சிறிய பயிற்சிப் படத்துக்கு வீட்டிலேயே செய்யலாம். பசை கோதுமை மாச்சத்திலிருந்து மட்டும். சுவரொட்டி ஒட்டுகிற மைதாப் பசை வேண்டவே வேண்டாம். அதில் புரதம் இருக்கிறது, பழுக்கும், இராமபாணப் பூச்சிக்குக் கல்யாண விருந்து. காய்ச்சிய பசையைச் சல்லடையில் இரண்டு முறை தேய்த்து, பால் பதத்துக்கு நீர்க்க வையுங்கள்.

படத்தை முகம் கீழே பார்க்கப் பரப்பி, தண்ணீரைப் பனியாகத் தெளித்து, உலர்ந்த தூரிகையால் நடுவிலிருந்து விளிம்புக்குச் சுருக்கம் நீவுங்கள். தாள் ஈரத்தில் விரியும். முழுக்க விரியட்டும், இல்லையென்றால் பிறகு கொப்புளம். பின்தாள் மெல்லிய கோசோ, படத்தைவிட நாற்புறமும் 2, 3 சென்டிமீட்டர் பெரிது. அதில் பசை தடவி, ஒரு குச்சியில் தொங்கவிட்டு, ஒரு விளிம்பிலிருந்து மெல்ல இறக்கி நீவணும். விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் கெட்டிப் பசை தடவி, ஒரு மூலையில் காற்று ஊதச் சிறு தாள்துண்டைச் செருகி, பலகையில் முகம் வெளியே பார்க்க ஒட்டுங்கள். ஒரு வாரமாவது அப்படியே இருக்கட்டும். அடுத்த நாளே எடுத்தால் சுருளும். கொப்புளம் வருவது பசை எட்டாத இடத்தில். பட்டை பட்டையாக விறைத்தால் பசை கெட்டி.

சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் தாளும் விற்கிறது. வேகம்தான். ஆனால் அதைப் பிரித்துத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் நல்ல படத்துக்கு ஹ்யோகு, அதாவது படம் ஒட்டிச் சுருளாக்கும் கலைஞர்கள் கையெடுத்துக் கும்பிட்டு மறுப்பார்கள். மாச்சத்துப் பசையின் பெருமையே, தண்ணீர் பட்டால் விட்டுக்கொடுக்கும் என்பதுதான். நூற்றாண்டு கழித்து யாரோ பிரித்துப் புதிதாக ஒட்டலாம்.

பழஞ்சுவடி
நாடு திரும்பும்போது பழைய சுருள் ஏதாவது வாங்கினால், கீழ்க்கோலின் முனைக்குமிழ் யானைத்தந்தமா என்று பாருங்கள். தந்தமென்றால் அனுமதி இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. மரம், பீங்கான் என்றால் தொல்லை இல்லை. பழமையான ஓவியம்போல் தோன்றினால் பண்பாட்டு அலுவலகத்தின் ஏற்றுமதிச் சான்றும் கேட்பார்கள்.

பார்க்க வேண்டிய மூலப்படங்கள் எப்போதும் சுவரில் இருக்காது. தாள், பட்டு ஓவியங்களில் தேசியப் புதையல் என்று அறிவித்தவற்றை ஆண்டுக்கு இருமுறை, மொத்தம் 60 நாளுக்குள் காட்டுவது என்பது வழக்கமான வரம்பு. பழைய ஓவியர் ஹாசெகாவா தோஹாகுவின் பைன் மரத் திரைகள் தோக்கியோ உயெனோவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் பெரும்பாலும் புத்தாண்டு நாட்களில் வெளியே வரும். இன்னொரு பழைய ஓவியர் செஷ்ஷூ 1486-இல் வரைந்த ஏறக்குறைய 16 மீட்டர் நீள நிலக்காட்சிச் சுருள் யாமாகுச்சி மாவட்டம் ஹோஃபுவில் மோரி அருங்காட்சியகத்தில். பயணச்சீட்டு எடுக்குமுன் காட்சி அட்டவணையைப் பாருங்கள். தோஹாகுவின் திரைக்கு முன்னால் பத்தடி தள்ளி ஒருமுறை, அருகே ஒருமுறை நிற்கணும். தூரத்தில் மூடுபனி, பக்கத்தில் வைக்கோலால் கீறியதுபோல் முரட்டுக் கோடு.

மைச்சொட்டு
எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: போவதற்கு முன் சென்னையிலேயே பழகினால், இங்கே மை இழைக்கும்போது திரிதிரியாக வருகிறது என்கிறார்களே?

கரும்புகை
ஆழ்துளைக் கிணற்று நீரா இருக்கும். சுண்ணாம்புச் சத்து அதிகமானால் கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். ஜப்பானியக் குழாய்நீர் பெரும்பாலும் மென்னீர். அங்கே இந்தப் பேச்சே எழாது. ஆர்.ஓ. தண்ணீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் பயன்படுத்துங்கள். தூரிகை கழுவக் குழாய்நீர் பரவாயில்லை, கடைசி அலசல் மட்டும் நல்ல நீரில். மை மிஞ்சினால் மே மாதத்தில் மதியத்துக்குள்ளேயே நாறிவிடும், காலையில் இழைத்ததைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.